ஒரு கிணறு, இரண்டு தாங்கி: வெஸ்ட் ஈலிங்கில் ஒரு சோமாலியக் கூட்டம்

1997 மே மாதம். ஒரு சனிக்கிழமை. பிளேஸ்டோவிலிருந்து வெஸ்ட் ஈலிங் போனேன். நகரத்தின் கிழக்கிலிருந்து மேற்கு. ஏறத்தாழ இருபத்தைந்து கிலோமீட்டர். கடவுச்சீட்டுத் தேவையில்லை. ஆனாலும் இதைப் பயணம் என்றே எழுதுகிறேன். வேறு நாட்டுக்குப் போய் வந்த களைப்பும் துள்ளலும் இன்னும் உடம்பில் இருக்கின்றன.

காரணம் சஃபியா. பல்கலைக்கழக மாலை வகுப்பில் எனக்குப் பக்கத்து நாற்காலி. மருத்துவமனை ஒன்றில் மருத்துவிச்சி வேலை. சோமாலியாவின் வடபகுதியில் உள்ள ஹர்கெய்சா அவளுடைய நகரம். 1988இல் சொந்த அரசாங்கத்தின் விமானங்களே குண்டு போட்ட நகரம். போர் முடிந்த நாடுகளை ஒப்பிட்டு எழுதச் சொன்னார் விரிவுரையாளர். நான் அட்டவணை போட்டுக்கொண்டிருந்தேன். எரித்ரியா, லெபனான், மொசாம்பிக்.

"பெட்டி பெட்டியாக் கீறாதே. சனிக்கிழமை எங்கட கூட்டத்துக்கு வா" என்றாள் சஃபியா.

நாங்கள் பேசுவது ஆங்கிலம். என் காதில் விழுவது தமிழ். அப்படியே எழுதுகிறேன்.

கூட்டத்தில் என்ன முடிவாகப் போகிறது என்றும் சொன்னாள். ஹர்கெய்சாவில் ஒரு பிரசவ விடுதி. கட்டுவது லண்டனில் இருக்கும் சோமாலியர்கள். நடத்தப்போவது அவள். இங்கே வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டாள். ஆனால் ஒரு நிபந்தனை வைத்திருந்தாள். கூட்டம் ஒரே குரலில் அனுப்பினால்தான் போவாள். பிரிந்து நின்று அனுப்பினால், பாதிப் பெண்கள் அவளிடம் வரமாட்டார்கள்.

பிளேஸ்டோவில் பதினொரு மணிக்கு டிஸ்ட்ரிக்ட் லைன். நாள் முழுவதற்கும் ஒரே பயணச்சீட்டு, நாலு பவுணுக்குள். ஈலிங் பிராட்வே கடைசி நிலையம். ஒன்றேகால் மணிநேரம். நடுவில் தேம்ஸ் தெரியும் என்று சன்னலோரம் இருந்தேன். தெரியவில்லை. அந்த ரயில் நதியை ஒட்டியே போகிறது, ஆனால் சுரங்கத்தில்.

வெளியே மழை. 207 பஸ் வரவில்லை. மினிகாப் எடுத்தேன். மூன்று பவுண். சாரதி நம்மவர், ஈழத்தமிழர். பெயர் சிவா. கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே காரை ஓட்டினார்.

"கோயிலுக்கோ தம்பி?"

"இல்லை அண்ணை. சோமாலி ஆக்களின்ரை கூட்டம் ஒண்டுக்கு."

"அங்க நீர் என்ன செய்யப்போறீர்?"

"நாட்டை எப்பிடிக் கட்டி எழுப்புறது எண்டு கதைக்கினமாம். கேக்கப் போறன்."

"அவையளுக்கு அரசாங்கமே இல்லை. அவையளிட்ட அபிவிருத்தி படிக்கப் போறீராக்கும்."

"எங்களுக்கு மட்டும் இருக்கோ?"

"அதுவும் சரிதான்" என்றார். பிறகு, தவறாமல் வரும் கேள்வி. "ஊரிலை எவடம்?"

சொன்னேன். கார் ஒரு கணம் மெதுவாகியது. அதே ஊர். அதே பள்ளிக்கூடம். ஆனால் அவர் ஈலிங் பழைய மாணவர் சங்கம். நான் பிளேஸ்டோச் சங்கம்.

வெளியாருக்கு விளக்கவேண்டும். லண்டனில் எங்கள் ஒரே பள்ளிக்கூடத்துக்கு இரண்டு சங்கங்கள். தண்ணீர்த் தாங்கி கட்டும் விடயத்தில் பிரிந்தவை. எண்பதுகளின் கடைசியில் இரண்டு சங்கமும் தனித்தனியே தாங்கி கட்டின. கிணறு ஒன்று. தண்ணீரைத் தாங்கிக்கு ஏற்றும் மோட்டரை வாங்குவது யார் என்று முடிவாகுமுன் மறுபடி சண்டை வந்தது. இன்றும் பிள்ளைகள் வாளியால் அள்ளுகிறார்கள். இரண்டு தாங்கிகளும் வெறும் நிழல் தருகின்றன.

"முதல் கட்டினது நாங்கள்" என்றார் சிவா அண்ணை.

"உயரமாக் கட்டினது நாங்கள்" என்றேன்.

இறங்கும்போது தன் மினிகாப் நிறுவனத்தின் அட்டையைத் தந்தார். சிரிக்கவில்லை.

மண்டபம் ஒரு தேவாலயத்தின் பின்பக்கம். உள்ளே போனதும் தேடினேன்: குத்துவிளக்கு எங்கே, வரவேற்புரை யார், மௌன அஞ்சலி எப்போது? ஒன்றும் இல்லை. ஆட்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பேச்சே கூட்டம் என்று புரிய அரைமணிநேரம் ஆயிற்று. ஆண்கள் முன்னால். பெண்கள் பின்னால், ஆனால் சத்தம் குறைவில்லை. ஏலக்காய் மணக்கும் பால் தேநீர். எங்கள் பற்றிஸ் பலகாரத்தின் ஒன்றுவிட்ட சகோதரம் போல முக்கோணமாய்ப் பொரித்த ஒன்று, உள்ளே இறைச்சி. மூன்று சாப்பிட்டேன். சஃபியா பக்கத்தில் இருந்து மொழிபெயர்த்தாள்.

என் அட்டவணை அங்கே உயிரோடு எழுந்து நின்றது.

"எரித்ரியரைப் பாருங்கோ. கட்சி ஒண்டு காசு கேட்டது, எல்லாரும் குடுத்தவை" என்றார் வர்சமே. கழுத்துப்பட்டி கட்டிய கணக்காளர்.

"அங்க கட்சி கேட்டால் குடுக்காமல் விடேலாது. அது வேண்டாம் எங்களுக்கு" என்றது ஒரு பெண்குரல்.

"லெபனான்?" என்றார் வேறொருவர்.

"கட்டடம் எழும்புது. ஆக்கள் திரும்பேல்லை."

"மொசாம்பிக்குக்கு எல்லா நாடும் காசு குடுக்குது. பிரிஞ்சு வந்த எங்கட வடக்கை ஒரு நாடும் நாடெண்டு ஏற்கேல்லை. அதாலை கடன் தர ஆளில்லை" என்றார் வர்சமே.

"கட்டளை போடவும் ஆளில்லை!" அதே பெண்குரல். மண்டபம் சிரித்தது.

எனக்குத் தலை சூடாகியது. மகிழ்ச்சியில். ஒரு வருடமாக நான் நூலகத்தில் தேடிய வாதம் தேநீர்க் கோப்பையோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தது.

பிறகு விடுதியைப் பற்றிய பேச்சு வந்தது. சிரிப்பு நின்றது.

சோமாலியப் பெண் திருமணமானாலும் தகப்பனின் குலத்தில்தான் இருப்பாள். பிள்ளைகள் கணவனின் குலம். ஆண்களில் சஃபியாவின் தகப்பன் பக்கம் ஒரு வரிசையில். கணவன் பக்கம் மறு வரிசையில். அவள் பிள்ளைகளின் பக்கத்துக்கே சாய்வாள் என்று தகப்பன் பக்கத்தவர் பயந்தார்கள். அவள் எங்களவள் இல்லையே என்று கணவன் பக்கத்தவர். கடைசியில் இரு பக்கமும் ஒரே தீர்வைச் சொன்னது: இரண்டு விடுதி. நகரத்தின் இரண்டு பக்கம்.

மருத்துவிச்சி ஒருத்திதான்.

சஃபியா மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டாள். பேப்பர் கோப்பையின் விளிம்பைக் கிழித்துக்கொண்டிருந்தாள். எனக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

அப்போதுதான் வர்சமே என் பக்கம் திரும்பினார். விருந்தாளியும் பேசவேண்டுமாம். உங்கள் குலங்கள் எப்படிக் கட்டுகின்றன?

"எங்களிட்டக் குலம் இல்லை. பள்ளிக்கூடத்தாலைதான் எல்லாம்" என்றேன். பெருமையாக.

"யார் படிக்கிற பள்ளிக்கூடம்?"

"எங்கட ஊர் ஆக்கள்."

"பக்கத்து ஊர்?"

"அவைக்கு அவையின்ரை பள்ளிக்கூடம் இருக்கு."

"உன்ரை ஊரிலை எல்லாரும் சொந்தக்காரரோ?"

"அநேகமா."

சிரிப்பில் கூரை பறந்தது. முன்வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்தார். "குலத்துக்குச் சீருடை போட்டிருக்கிறியள்!" என்றார் வர்சமே.

நானும் சிரித்தேன். வேறு வழியில்லை. சிரிப்போடு சிரிப்பாகத் தாங்கிக் கதையையும் சொன்னேன். இரண்டு தாங்கி, ஒரு கிணறு, வாளி. கார்ச் சாரதி உட்பட. எது உயரம் என்று கேட்டார்கள். எங்களுடையது என்றேன். மறுபடி சிரிப்பு. ஆனால் இந்தத் தடவை அது பாதியில் நின்றது. இரண்டு வரிசைகளும் ஒன்றையொன்று பார்த்தன.

சஃபியா எழுந்தாள். பின்வரிசையிலிருந்து பேசினாள். அவள் சொன்னதைப் பிறகு மண்டப வாசலில் திரும்பச் சொல்லவைத்தேன். "எங்கட பக்கத்துப் பொம்பிளையளை உங்கட பக்கத்துக்குத்தான் கட்டிக் குடுக்கிறம். நீங்களும் அப்பிடித்தான். பெறுகிறவள் ஒரு குலம். பிறக்கிறது மற்றக் குலம். பிரசவ நோ தொடங்கினவள் எந்த விடுதிக்குப் போறது? சொல்லுங்கோ, நான் அங்க நிக்கிறன்."



வர்சமே மேசைத் தொலைபேசியை இழுத்தார். ஒலிபெருக்கியை அழுத்தினார். பதிலை ஊர்ப் பெண்களிடமே கேட்போம் என்றார். ஹர்கெய்சா. இரண்டாவது மணியிலேயே எடுத்தார்கள். ஒரு கடை. ஆடு கத்தியது, லொறி ஒன்று போனது, யாரோ விலை பேசினார்கள். போரில் தொடர்பு அறுந்த யாழ்ப்பாணத்துக்கு நான் அழைக்க முடியாது. அம்மா கப்பலேறிக் கொழும்புக்கு வந்தால்தான் அவர் குரல் கேட்கும். எந்த நாடும் ஏற்காத ஊரில் ஆடு கத்துவது ஈலிங்கில் கேட்கிறது.

கடைக்காரி சஃபியாவின் கேள்வியைக் காதில் வாங்கினாள். சந்தையில் நின்ற பெண்களிடம் கத்திக் கேட்டாள். பல குரல்கள். பிறகு அவள் சொன்னாள்: சந்தைக்குப் பின்னால் இடிந்த கட்டடம் இருக்கிறது. அது இரு பக்கத்துக்கும் நடுவில். சந்தைக்கு எல்லோரும் வருகிறார்கள். "முடிஞ்சுதோ? நான் கடை பூட்டவேணும்."

அதன்பிறகும் இரண்டு மணிநேரம் பேசினார்கள். பேசாமல் ஒத்துக்கொள்வது அங்கே மரியாதை இல்லையாம். ஆறு மணிக்கு இரண்டு வரிசைகளும் ஒத்துக்கொண்டு கை உயர்த்திப் பிரார்த்தித்தன. ஒரு விடுதி. சந்தைக்குப் பின்னால். சஃபியா என் தோளில் அடித்தாள். நன்றாக வலித்தது.

ஜூன் மாதம் அவள் ஹர்கெய்சாவுக்குப் போய்விட்டாள்.

என் ஒப்பீட்டுக் கட்டுரையை மாற்றி எழுதினேன். எந்த நாடு முன்னுக்கு, எது பின்னுக்கு என்ற நிரல் போய்விட்டது. யார் யாரிடம் கேட்காமல் கட்ட முடியாது என்பதுதான் இப்போது என் கேள்வி. பலமான அரசாங்கம் இருக்கும் இடங்களில் அது மறைந்திருக்கிறது. அவர்களிடம் வெளியே தெரிகிறது. சத்தமாக.

இப்படி ஒரு கூட்டத்துக்குப் போக நினைப்பவர்களுக்கு: தெரிந்த ஒருவரோடு போங்கள். முழு மாலையையும் ஒதுக்குங்கள். காலையில் அதிகம் சாப்பிடாதீர்கள். ஐந்து மணியளவில் தொழுகைக்கு இடைவேளை, அப்போது வெளியே காற்று வாங்கலாம். யாரையும் எந்தக் குலம் என்று கேட்காதீர்கள். எங்களுடைய "எவடம்?" என்ற கேள்வியும் அதைப் போலவே எவ்வளவு கூர்மையானது என்பதை அங்கேதான் உணர்ந்தேன்.

திரும்பும்போது மினிகாப் எடுப்பதானால், கையில் நேரம் வைத்துக்கொண்டு எடுங்கள். அன்று மாலை நான் பையிலிருந்த அட்டையைப் பார்த்து அழைத்தேன். சிவா அண்ணையே வந்தார். மழை விட்டிருந்தது. சஃபியா பின்னால். நான் முன்னால்.

"என்ன, அபிவிருத்தி படிச்சாச்சோ?"

"அண்ணை, ரெண்டு சங்கமும் சேந்து ஒரு மோட்டர் வாங்குவமே?"

சிவப்பு விளக்கில் காரை நிறுத்தினார்.

"எந்தத் தாங்கிக்கு?"

"மோட்டரைக் கிணத்திலதான் அண்ணை பூட்டுறது."

விளக்கு பச்சையானது. பின்னால் ஹோர்ன் அடித்தார்கள். ஈலிங் பிராட்வேயில் சஃபியா இறங்கினாள். நானும் கதவைத் திறந்தேன்.

"நீர் இரும்" என்றார் சிவா அண்ணை. எஞ்சினை நிறுத்தினார். "கிணத்திலையிருந்து ரெண்டு தாங்கிக்கும் குழாய் எத்தினை அடி போகும்?"