கேக்கல

"கேக்கல!"

கடைசி வரிசையில், சுவரை ஒட்டிய நாற்காலியில் உட்கார்ந்து, வலது உள்ளங்கையைக் குவித்துக் காதுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு லிடியா குரல் கொடுக்கிறார். தரையில் சாக்பீஸால் கோடு கிழித்த இடம்தான் மேடை. அங்கே நிற்கும் பொன்னழகு மூச்சை இழுத்துக்கொண்டு அதே வசனத்தை இன்னும் உரக்கச் சொல்கிறாள்.

"கேக்கல!"

"எரியோடு ஊரு வரைக்கும் கேட்டுருக்கும், இந்தம்மாவுக்கு மட்டும் கேக்கல" என்று வாஜித் முணுமுணுக்கிறார். வார நாட்களில் பிரியாணிக் கடையில் பார்சல் கட்டுகிறவர். நாடகத்தில் பொன்னழகுக்கு அப்பா. "கெழவிக்குக் காது அவுட்டு."

"வாஜித்! கெழவின்னு சொன்னியே, அது கேட்டுச்சு" என்கிறார் லிடியா, கையை இறக்காமலே.

உண்மையில் அவருக்குப் பாம்புச் செவி. கீழே பூட்டுக்கடையில் சில்லறை விழுந்தால்கூட மாடியில் இருந்தபடி சொல்லிவிடுவார். ஆனாலும் மேடையில் பேசுவது மட்டும் அவருக்கு ஒருபோதும் கேட்காது. "முன்னால உக்காந்திருக்கிறது உன் சொந்தக்காரங்க. நீ வாயத் தொறக்காட்டியும் அவங்களுக்குப் பிடிக்கும். கடைசி வரிசையில இருக்கிறவனுக்கு நீ யாருமில்ல. அவனுக்குச் சொல்லு" என்பார். பூட்டுக்கடைக்காரர்கள் அவருடைய பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் அவருடைய கேன்வாஸ் ஷூ படியேறும் சத்தம் கேட்டால், "கேக்கல அம்மா வந்துருச்சு, மாடிச் சாவியக் குடுப்பா" என்பார்கள்.

எழுபதை நெருங்கும் இந்த அமெரிக்கப் பெண்மணி, சின்னாளப்பட்டிச் சுங்குடிச் சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிக் கட்டியிருப்பார். கொண்டையில் ஒரு பென்சில். பேசும் தமிழோ அச்சு அசல் எரியோட்டுத் தமிழ். "செத்த நேரம் இரு", "அம்புட்டுத்தான்" என்று அவர் சொல்லும்போது, டவுனில் பிறந்து வளர்ந்த வாஜித்துக்கே சிரிப்பு வந்துவிடும்.

ஓஹையோவில் ஒரு சிற்றூரில் பிறந்தவர் லிடியா. பள்ளி முடித்த கையோடு, வீட்டில் சொல்லாமல் சிகாகோவுக்குப் பஸ் ஏறினார். முதலில் நாடகக் கொட்டகையில் தரை கூட்டினார். பிறகு திரைக்குப் பக்கத்தில் நின்று, நடிகர்கள் மறந்த வசனத்தை எடுத்துக் கொடுத்தார். ஒரு கட்டத்தில் மூடிக்கிடந்த டயர் கடை ஒன்றைப் பிடித்து, பலகை அடித்து, சொந்தமாக அரங்கு வைத்தார். முப்பது வருடத்துக்கு மேல் அங்கே நாடகம் இயக்கினார். பெரிய புகழ் என்று ஒன்றும் வரவில்லை. அவரிடம் பேசக் கற்றவர்கள் பெரிய ஊர்களுக்குப் போனார்கள். போனவர்கள் போனவர்கள்தான். அவர்களில் ஒருவர் டிவி தொடரில் நீதிபதியாக வந்தபோது, லிடியா சோபாவில் உட்கார்ந்தபடியே காதுக்குப் பின்னால் கையை வைத்து "கேக்கல" என்றாராம்.

அந்தத் தமிழ்ச் சொல் அவருக்குக் கிடைத்ததே ஒரு கதை. மழைக்கு ஒதுங்கிய ஓர் எஞ்சினியர் டயர் கடை அரங்கில் டிக்கெட் வாங்கிக் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். நாடகம் முடிந்ததும், "எப்படி இருந்தது?" என்று லிடியா கேட்க, பதற்றத்தில் அவர் வாயில் தமிழ்தான் வந்தது. "ஒண்ணும் கேக்கல." அந்தச் சொல்லுக்கு அர்த்தம் கேட்கப் போய்க் கல்யாணத்தில் முடிந்தது. அவர்தான் மணிமாறன், எரியோட்டுக்காரர். லிடியாவின் தமிழும் அவரிடம் கற்றதுதான்.

மணிமாறன் தினமும் வேலைக்குக் கிளம்பும்போது "வாரேன்" என்பார். லிடியா ஆங்கிலத்தில் "பை" என்பார். அந்த "வாரேன்" கணவர் தனக்கென்று வைத்திருந்த சொல் என்றே லிடியா அத்தனை வருடமும் நினைத்திருந்தார். ஆபரேஷனுக்கு ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போனபோதும் மணிமாறன் அதைத்தான் சொன்னார். திரும்பி வரவில்லை. அரங்கையும் அதே வருடம் இடித்துக் கார் நிறுத்துமிடம் ஆக்கிவிட்டார்கள். அஸ்தியோடு எரியோட்டுக்கு வந்தார் லிடியா. காரியம் முடிந்து சில நாள் கழித்துப் பார்க்க வந்த பால்காரர், டெய்லர், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லோரும் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு "வாரேன்", "வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். தன் வீட்டுக்குள் இருந்த ஒரு பொருளை ஊரே எடுத்துப் புழங்குவதுபோல லிடியாவுக்கு இருந்தது.

திரும்பிப் போக அமெரிக்காவில் யாருமில்லை. திண்டுக்கல்லில் வீடு எடுத்தார். காய் நறுக்கும்போது நாடகத்தில் வரும் எல்லோருடைய வசனத்தையும் தானே குரல் மாற்றிப் பேசுவார். பக்கத்து வீட்டு ரம்ஜான் பீவி, விருந்தாளி வந்திருக்கிறார்கள் என்று நினைத்து, சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள வெஞ்சனம் கொடுத்தனுப்பினார். இப்போது அவருக்கு விஷயம் தெரியும். ஆனாலும் இரண்டு பேருக்கு ஆகிற மாதிரியே கொடுத்தனுப்புகிறார்.

பூட்டுக்கடை மாடியில் அவர் தொடங்கிய நாடகக் குழுவில் முதலில் கொஞ்சம் பேர் இருந்தார்கள். ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். மிஞ்சியது வாஜித்தும் மில்லில் வேலை பார்க்கும் பொன்னழகும்தான். இப்போது பொன்னழகின் வீட்டுக்காரருக்கு ஓசூரில் வேலை கிடைத்திருக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை சின்னாளப்பட்டியில் நாடகம். திங்கட்கிழமை அவள் கிளம்புகிறாள். அவளுக்குப் பதிலாக இன்னொருத்தி கிடைப்பாளா என்று வாஜித் கேட்டபோது லிடியா கொண்டைப் பென்சிலை உருவி, மறுபடி அதே இடத்தில் செருகினார்.

நாடகம் லிடியா எழுதியது. ஒரு மகள் அப்பாவின் வீட்டை விட்டு ஒரேயடியாக வெளியேறுகிறாள். அவளுடைய கடைசி வசனம், "நான் போறேன்." அந்த இடம் வந்ததும் பொன்னழகு ஊமையாகிவிடுவாள்.

"வசனம் மறந்துட்டியா?" என்று அன்று லிடியா கேட்டார்.

"மறக்கலம்மா. வாயில வரல. வீட்ட விட்டுக் கெளம்பையில யாராச்சும் போறேன்னு சொல்லுவாகளா? வாரேன்னுதான சொல்லணும்."

"அவ வரப் போறதில்ல. அப்புறம் எதுக்கு வாரேன்? பொய்."

"எழவு வீட்லகூடச் சொல்லாமத்தான் எந்திரிச்சு வருவோம் மேடம்" என்றார் வாஜித். "போறேன்னு யாரும் சொல்ல மாட்டோம்."

"எங்க வீட்டுக்காரர் சொன்னார், வாரேன்னு. வரல" என்றார் லிடியா.

வாஜித் தலையைக் குனிந்துகொண்டார். பொன்னழகு மெதுவாக, "நானும் திங்கக்கெழம ஓசூருக்கு..." என்று ஆரம்பித்தவள், அடுத்து வரவேண்டிய சொல்லுக்கு முன்னால் நின்றுவிட்டாள். லிடியாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒத்திகையின்போது கடைசி வரிசையை விட்டு எழுந்திராத லிடியா, எழுந்து சாக்பீஸ் கோடு வரை நடந்து வந்தார்.

"சரி. வாரேன்னே சொல்லு. ஆனா செருப்ப மாட்டிக்கிட்டே சொல்லாத. சாயங்காலம் வீடு திரும்புறவதான் அப்படிச் சொல்லுவா. நீ மாட்டி முடி. செத்த நேரம் நில்லு. அப்பாவப் பாரு. அப்புறம் சொல்லு."

பொன்னழகு அப்படியே செய்தாள். வாஜித் தன் வசனத்தை மறந்துவிட்டு நின்றார். லிடியா "கேக்கல" என்று சொல்லவில்லை.

சின்னாளப்பட்டியில் கல்யாண மண்டபம் பாதிதான் நிறைந்தது. லிடியா வழக்கம்போலக் கடைசி வரிசையில். பொன்னழகு செருப்பை மாட்டினாள், நின்றாள், அப்பாவைப் பார்த்து "வாரேன்" என்றாள். லிடியாவுக்கு அடுத்த நாற்காலியில் மடியில் பிள்ளையோடு இருந்த ஒரு பெண், தன்னை அறியாமல், "போயிட்டு வா தாயி" என்று சொல்லிவிட்டாள். லிடியா திரும்பி அவளைப் பார்த்தார். நாடகம் முடிந்து எல்லோரும் கை தட்டியபோதும் அவளையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். வாரேன் என்ற சொல்லுக்குப் பதில் ஒன்று இருக்கிறது. அதை மணிமாறனுக்கு அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

மறுநாள் காலை திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு. ஓசூருக்குப் போக முதலில் சேலம் பஸ் பிடிக்க வேண்டும். மூட்டைகளையும் வீட்டுக்காரரையும் உள்ளே ஏற்றிவிட்டுப் பொன்னழகு ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். கண்டக்டர் விசில் ஊதினார். அவள் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள்.

"வாரேம்மா."

"போயிட்டு வா" என்று பதில் சொல்ல வேண்டிய முறை லிடியாவுடையது. உள்ளங்கையைக் குவித்துக் காதுக்குப் பின்னால் வைத்தார்.

"கேக்கல!"

"வாரேம்மா!"

"கேக்கல!"

"நல்லாத்தான கேட்டுச்சு" என்றார் பக்கத்தில் நின்ற கொய்யாப்பழக்காரர்.

பஸ் நகர்ந்தது. பொன்னழகு மூச்சை இழுத்துக்கொண்டு, கடைசி வரிசைக்குச் சொல்வதுபோல, பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினாள். பஸ் வளைவில் திரும்பி மறைந்தது. லிடியாவின் கை காதை விட்டு இறங்கவில்லை.