சித்தி சொன்ன குறை

எங்கள் சித்தியிடம் துணி தேய்க்கக் கொடுப்பவர்கள், சட்டையோடு நாலு திட்டையும் வாங்கிக்கொண்டுதான் போவார்கள். "இது சட்டையா, கசக்கிப் போட்ட காகிதமா?" என்பாள். கடைக்கு வாடகை வாங்க வருபவர், காய்காரர், பஸ் கண்டக்டர் என்று அவள் வாயில் விழாதவர் கிடையாது. சித்தப்பா நேர் எதிர். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத மனிதர். "விடு, வா" என்று அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவதே அவர் குடும்பம் நடத்திய விதம்.

அவருக்குச் சிறுநீரகம் பழுதானதும் முதலில் தனியார் மருத்துவமனைக்குத்தான் ஓடினார்கள். ரத்தத்தைச் சுத்தம் செய்ய ஒவ்வொரு முறையும் பணம். சித்தியின் வளையல் போயிற்று, கம்மல் போயிற்று. இனி கடையையும் மூட வேண்டியதுதான் என்ற நிலையில் யாரோ அரசு மருத்துவமனையைச் சொன்னார்கள். அரை மனதோடு போனாள். அங்கே சிறுநீரக வார்டில் ஒரு நர்ஸ், சித்தப்பாவின் வீங்கிய காலைத் தொட்டுப் பார்த்து, "உக்காருங்கப்பா, பாத்துக்கலாம்" என்றார். பணம் என்ற பேச்சே எழவில்லை. வாரம் இரண்டு தடவை சுத்தம் செய்தார்கள். வீக்கம் வடிந்தது. சித்தப்பா மறுபடி கடையில் உட்கார்ந்து சட்டை மடித்தார். அன்றிலிருந்து அந்த வார்டைப் பற்றி யாராவது ஏதாவது சொன்னால் சித்தி அவர்களை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள்.

அந்த வார்டில்தான் ரத்தம் சுத்தம் செய்யும் இயந்திரங்களில் இரண்டு படுத்துவிட்டன. பழுது பார்க்கப் பணம் ஒதுக்கப்படவில்லை. அடுத்த மாதம் முதல் எல்லோருக்கும் வாரம் ஒரு தடவைதான் என்றார்கள். சித்தப்பாவுக்கு அது போதாது என்று டாக்டர் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். சித்திக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த நேரம் பார்த்து, நோயாளிகளுக்குத் திருப்திதானா என்று கேட்க மேலிடத்து அதிகாரி வருவதாக இருந்தது. முந்தின நாள் அந்த நர்ஸ் சித்தியைத் தனியே அழைத்தார்.

"அக்கா, போன தடவையும் வந்து கேட்டாங்க. எல்லாரும் குறையே இல்லைன்னு கையெடுத்துக் கும்பிட்டாங்க. இங்கதான் எல்லாம் நல்லா இருக்கேன்னு பணத்தை வேற இடத்துக்குக் கொடுத்துட்டாங்க. நீங்களாவது வாயைத் திறங்க."

"உசிரைக் காப்பாத்தின இடத்தை நான் குறை சொல்லவா? நல்லா இருக்கு நியாயம்!" என்று சித்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள் அதிகாரி கட்டில் கட்டிலாக வந்தார். "குறை ஒண்ணும் இல்லைங்க ஐயா." "நீங்க நல்லா இருக்கணும்." சித்தப்பாவின் கட்டிலிலும் அதே கேள்வி. ஊரையே வாயால் விரட்டுகிற சித்தி, பையின் வாரைத் திருகிக்கொண்டு நின்றாள்.

கையில் குழாயோடு படுத்திருந்த சித்தப்பா, "சொல்லேன். உன்னை விட்டா யாரு சொல்லப் போறா?" என்றார்.

அவ்வளவுதான், சித்தி பிடித்துக்கொண்டாள்.

"ரெண்டு மெஷின் துணி போத்திக் கிடக்கே, பாத்தீங்களா? வெளிய பெஞ்சுல மூச்சு வாங்க உக்காந்திருக்காங்களே, அவங்களைப் பாத்தீங்களா? வாரம் ஒரு தடவைதான்னா இந்த மனுஷனை நான் எங்க கொண்டு போவேன்? விக்கிறதுக்கு இனி இஸ்திரிப் பெட்டிதான் இருக்கு!"

"அப்ப இங்க கவனிப்பு சரியில்லைங்கறீங்க?"

"யாரு சொன்னா? இவங்க கவனிப்பைக் குறை சொன்னா என் வாய் அழுகிப் போயிடும். நீங்கதான் இவங்களைக் கவனிக்கலை. அதுதான் குறை."

பக்கத்துக் கட்டில்காரர் மெல்ல, "ஆமாங்க" என்றார். அடுத்தவரும் வாயைத் திறந்தார். அதிகாரி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்டார்.

பழுது பார்க்க ஆள் வந்தது. சித்தப்பாவின் முறை குறையவில்லை. அந்த நர்ஸையும், ஏன், அந்த அதிகாரியையும்கூட நான் நன்றியோடுதான் நினைத்துக்கொள்கிறேன்.

இயந்திரங்கள் மறுபடி ஓடிய அன்று, ஒருவர் தன் மனைவியைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தார். வார்டுக்குப் புதியவர். சட்டைப் பையை இறுகப் பிடித்தபடி, "பணம் எங்கங்க கட்டணும்?" என்று சித்தியைக் கேட்டார்.

"பணமெல்லாம் கிடையாது, உக்காருப்பா" என்றாள் சித்தி. "ஆனா ஏதாவது குறை இருந்தா, கும்பிடு போட்டுட்டுப் போயிடாதே. வாயைத் திறந்து சொல்லு."

அவர் அழுதுவிட்டார். சித்தியும்தான்.