எலே என்றதும் எழுந்த ஒரு கை

எனக்குச் சத்தம் அதிகம். அம்மா பெருங்கடவிளை சந்தையில் மரச்சீனிக் கிழங்கு விற்கிறவள். விலை கேட்டுவிட்டு நகர்ந்து போகிற ஆளை இருந்த இடத்திலிருந்தே கூப்பிட்டுத் திருப்பிவிடுவாள். அந்தத் தொண்டைதான் எனக்கும். கொல்லயில் ஊரில் எங்கள் சபைக் கொயரில் சேர்ந்தேன். மாஸ்டர் முதலில் என்னைக் கடைசி வரிசைக்கு அனுப்பினார். பிறகு கதவோரம் நிற்கச் சொன்னார். கடைசியில், "மக்கா, நீ அசன விருந்துக்குச் சோறு விளம்பப் போ, அங்க ஆளு காணாது" என்றார். போனேன். அங்கேயும் என் சத்தம்தான் கேட்டது.

இப்படிப்பட்டவள் நர்சிங் படிக்கப் போனாள். பிறந்த பிள்ளைகளின் வார்டுக்கு எங்களைக் கூட்டிப்போன டீச்சர் கோட்டயம் பக்கத்துக்காரர். நான் வாயைத் திறந்தாலே, "மோளே, ஒச்ச குறைக்கு" என்பார். ஒச்ச என்றால் சத்தம். அதைவிட அவருக்குப் பிடிக்காதது ஒன்று உண்டு. நான் சொல்கிற எலே. எங்கள் ஊரில் எலே இல்லாமல் பேச்சு ஓடாது. தம்பியைக் கூப்பிட எலே, ஆட்டை விரட்ட எலே, கூடப் படித்தவனைக் கண்டால் சந்தோஷத்தில் எலே. டீச்சர் காதில் அது கெட்ட வார்த்தையாக விழுந்தது. பிள்ளைகளை மலையாளத்தில் வாவே என்று கூப்பிட வேண்டும் என்று உத்தரவு. நான் வாவே என்று சொன்னால் என் வாய்க்குள்ளிருந்து வேறு யாரோ பேசுகிற மாதிரி இருக்கும். கூட நிற்கிறவள்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

முதலில் லேபில் பொம்மையை வைத்துப் படித்தோம். அதற்கு ஒரு கண் மூடாது, இடுப்பைச் சோதிக்கக் காலை மடக்கினால் கால் கையோடு வந்துவிடும். அந்தப் பொம்மையை வைத்துப் படித்தது எதுவும் எனக்கு மண்டையில் ஏறவில்லை. வார்டில் முதல் பிள்ளையைத் தொட்டதும் எல்லாம் ஏறிவிட்டது.

உச்சிக்குழியில் விரல் வைத்தால் அடியில் துடிக்கிறது. கன்னத்தை லேசாகத் தொட்டால் வாயைக் கோணிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்புகிறது, பால் என்று நினைத்து. உறை போட்ட விரலை வாய்க்குள் விட்டு அண்ணாக்கைத் தடவினால் விரலைப் பிடித்து உறிஞ்சுகிற உறிஞ்சலில் நமக்கே சிரிப்பு வரும். மூச்சை ஒரு முழு நிமிஷம் எண்ண வேண்டும். அது நடுவில் மூச்சை நிறுத்தி யோசித்துவிட்டுத் திரும்ப விடும். நாம் அதுவரை நம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்போம். ஒரு பயல் என் ஏப்ரனில் மூத்திரம் அடித்தான். "கண்டியா, இவனுக்கு எல்லாம் சரியாட்டு உண்டு" என்று நான் சொன்னதில் அவன் அம்மா தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். டீச்சரும் சிரித்தார், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

மறுநாளே மானம் போனது. ஒரு பெண்பிள்ளையைக் கவிழ்த்துப் பார்த்தேன். இடுப்புக்குக் கீழே நீலம் பாரித்துக் கிடந்தது, அடித்துக் கன்றினதுபோல. எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. "யாரு இந்தப் பிள்ளைய அடிச்சது?" என்று கேட்டேன். வார்டு முழுக்கக் கேட்டது. அந்தப் பிள்ளையின் அப்பா கையிலிருந்த பிளாஸ்கைக் கீழே போட்டார். டீச்சர் ஓடிவந்து பார்த்தார். அடியுமில்லை, ஒன்றுமில்லை. நம் ஊர்ப் பிள்ளைகளில் பாதிக்கு அப்படி ஒரு நீலம் பிறக்கும்போதே இருக்கும், தானாக மறையும். புத்தகத்தில் படமும் உண்டு. நான் அந்தப் பக்கத்தைப் படிக்கவில்லை.

"இனி ஒரு தடவை வார்டில் உன் சத்தம் கேட்டால் இந்தப் போஸ்டிங்கை ஜூனியர் பிள்ளைகளோடு திரும்பச் செய்ய வேண்டியிருக்கும்" என்றார் டீச்சர். அவர் அதை மலையாளத்தில் மெதுவாகச் சொன்னார். மெதுவாகச் சொன்னதால் நம்பினேன். கூடப் படித்தவள்கள் எல்லாரும் முடித்துப் போக, நான் மட்டும் ஜூனியர்களோடு நிற்பது. அம்மாவுக்கு அதை எப்படிச் சொல்வது? அதன்பிறகு வாயை இறுக்கி வைத்துக்கொண்டேன்.

டீச்சர் முன்னால் தலையிலிருந்து கால்வரை ஒரு பிள்ளையைப் பார்த்துக்காட்டும் நாள் வந்தது. எனக்குக் கிடைத்தது முந்தின சாயங்காலம் பிறந்த ஒரு ஆண்பிள்ளை. பொழியூர்க்காரர்கள், கடலில் வள்ளம் இறக்குகிறவர்கள். பிள்ளை கொழுகொழுவென்று பெரிசு. அம்மா ஒடிசலான பெண், என் வயசுதான் இருக்கும். பிறக்கும்போது தோள் கொஞ்சம் சிக்கி, பிறகு வந்ததாகச் சொன்னாள். கட்டில் பக்கத்தில் அவள் கணவனின் அக்கா உட்கார்ந்திருந்தாள். தடித்த உடம்பு, மடியில் ஒரு பை. பைக்குள்ளிருந்து பால்பொடி டின் எட்டிப் பார்த்தது.

நான் போய் நின்றதுமே அவள் தொடங்கினாள். "இவளுக்குப் பாலு இல்ல மோளே. இடது மாருல வச்சா பய கெடந்து கரையுதான். வறண்ட மாரு. நான் பொடி வாங்கியாச்சு." கரைவது என்றால் அழுவது.

"அப்பிடி இல்ல மைனி, பாலு வருது" என்றாள் பெண், சுவரைப் பார்த்துக்கொண்டு.

"வந்தா அவன் என்னத்துக்குக் கரையணும்?"

அந்தப் பெண் ராத்திரி முழுக்க இதையே கேட்டிருப்பாள் போலிருக்கிறது, கண் வீங்கியிருந்தது. எனக்கு வாய் அரித்தது. டீச்சர் பக்கத்தில் நின்றார். அடக்கிக்கொண்டு, "வாவே" என்று சொல்லிப் பிள்ளையின் துணியைப் பிரித்தேன். மைனி அவனை முந்திரிக்கொட்டை மாதிரி இறுக்கிச் சுற்றி வைத்திருந்தாள். மூக்கு மட்டும்தான் வெளியே தெரிந்தது.

தலை சரி. கண், காது, வாய் சரி. கழுத்துக்குக் கீழே வந்து காறை எலும்பை விரலால் தடவினேன். இடது பக்கம் வழவழவென்று போனது. வலது பக்கம் நடுவில் என்னவோ நறுக்கென்றது. பல்லில் மணல் கடிபட்டால் இருக்குமே, அது மாதிரி, ஆனால் விரலில். பிள்ளை வீறிட்டான். கையை எடுத்துவிட்டேன்.

அங்கே நின்று நான் யோசித்தது அந்த நீலத்தைத்தான். சொல்லி, இதுவும் ஒன்றுமில்லை என்று ஆனால்? சொல்லாமல் விட்டு, ஏதாவது இருந்தால்? பேசாமல் நிற்பது என் உடம்புக்கு ஒத்துவராத வேலை.

"டீச்சர், இங்க ஒரு நறநறப்பு. எனக்கு உறப்பில்ல" என்றேன். என் ஆயுளிலேயே நான் மெதுவாகப் பேசியது அன்றுதான்.

டீச்சர் கோபப்படவில்லை. அவரும் தடவிப் பார்த்தார். பிள்ளை நெளிந்து அழுததில் அவருக்கும் நிச்சயமாகப் பிடிபடவில்லை. "மோரோ பார்க்கலாம்" என்றார். பிள்ளையின் தலையை உள்ளங்கையில் கொஞ்சம் தூக்கி, சட்டென்று ஒரு விரல்கடை தாழ்த்தி, அங்கேயே தாங்கிக்கொள்ள வேண்டும். விழப்போகிறோம் என்று நினைத்துப் பிள்ளை இரண்டு கையையும் விரிக்கும். பிறகு யாரையோ கட்டிப்பிடிக்கிற மாதிரி மடக்கும். எலும்பில் ஏதாவது இருந்தால் அந்தப் பக்கத்துக் கை வராது. டீச்சர்தான் மோரோ என்பார். நாங்கள் எங்களுக்குள் ஞெட்டல் என்போம், திடுக்கிடுவதை.

நான் தலைக்கடியில் கையைக் கொடுத்ததும் மைனி எழுந்துவிட்டாள். "என்ன செய்யப் போற?"

"ஒண்ணுமில்லக்கா, தலைய இத்திரிப் போல தாழ்த்தி, பிள்ள ஞெட்டுதானான்னு பாக்கணும்."

"ஞெட்ட வைக்கியா? பிறந்து ஒரு நாளு ஆவல்ல, பயந்து பேடி தட்டிப் போவும் எனக்க பிள்ளைக்கு! நீங்க படிக்கதுக்கு அவனைத் தாழப் போடவா? மாட்டேன்." பிள்ளையை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். வலது பக்கம் அமுங்க அவன் இன்னும் அழுதான். "கண்டியளா, பசி!" என்றாள்.

டீச்சர் பொறுமையாகச் சொன்னார். மைனி கேட்கவில்லை. டீச்சருடைய மலையாளம் சுத்தமாக இருக்க இருக்க, மைனியின் பிடி இறுகியது. கடைசியில் பிள்ளையைக் கட்டிலில் மல்லாக்கக் கிடத்தி, "பாத்தாச்சில்லியா, இனி பொடி கலக்கலாம்" என்று டின்னை எடுத்தாள். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் டீச்சரைப் பார்த்தேன்.

அப்போதுதான் பிள்ளையின் அப்பாவும் அவன் வள்ளத்துக் கூட்டாளிகளும் வந்தார்கள். நாலைந்து பேர், கடலில் பேசுகிற பேச்சோடு. ஒருவன் கையில் இளநீர்க் குலை. பார்வையாளர் நேரமில்லை. பக்கத்துக் கட்டிலில் ஒரு தாய் பால் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். இவர்கள் நேராக உள்ளே ஏறிவருகிறார்கள். நான் யோசிக்கவே இல்லை.

"எலே! இது என்ன சந்தையாலே? வெளிய போங்கலே!"

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது என்று கூட நின்றவள் இன்றும் சொல்வாள். இளநீர்க் குலை தரையில் இருந்தது. ஆம்பிளைகள் கதவுக்கு வெளியே இருந்தார்கள். முடிந்தது, ஜூனியர் பிள்ளைகளோடுதான் இனி என்று நினைத்தேன்.

டீச்சர் என்னைப் பார்க்கவில்லை. கட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அழுகையை நிறுத்திவிட்டுப் பிள்ளை கண்ணை உருட்டி முழித்துக்கொண்டு கிடந்தான். அவனுடைய இடது கை விரிந்து, மடங்கி வந்துகொண்டிருந்தது. வலது கை கிடந்த இடத்திலேயே கிடந்தது.

"ஒண்ணூடெ விளிக்கு" என்றார் டீச்சர். இன்னொரு தடவை கூப்பிடச் சொல்கிறார்.

"எதை டீச்சர்?"

"அது தன்னே." கொஞ்சம் தயங்கினார். பிறகு சொன்னார்: "எலே."

டீச்சர் வாயிலிருந்து அது வந்ததும் எனக்கு வெட்கமாகிவிட்டது. "எலே" என்றேன். பூனைக்குட்டி கத்தினதுபோல வந்தது. பிள்ளை கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

"இப்பம் எங்க போச்சு ஒனக்க தொண்டை?" என்று சீறினாள் மைனி. அவளும் அந்தக் கையைப் பார்த்திருந்தாள். "சும்ம விளிட்டீ! ஆம்பிளையள விரட்ட மட்டும் விளிச்சா?"

விளித்தேன். அம்மா சந்தையில் விளிக்கிற மாதிரி. இடது கை பறந்து போய்த் திரும்பி வந்தது. வலது கை வரவில்லை.

"மாதாவே" என்றாள் மைனி. "ஒரு கைதான் வருது."

டாக்டர் வந்தார், படம் எடுத்தார்கள். பச்சைக் கம்பு ஒடிந்தால் தோல் விடாமல் பிடித்துக்கொண்டு நிற்குமே, அப்படி நின்றது காறை எலும்பு. பெரிய பிள்ளை தோள் சிக்கி வந்தால் சில சமயம் நடக்கும், தானே கூடிவிடும், போகப்போகத் தழும்புகூட இருக்காது என்றார் டாக்டர். சட்டைக் கையை மடக்கிச் சட்டையோடு ஊக்கு குத்தி வைக்கச் சொன்னார். வைத்தியம் அவ்வளவுதான். நெற்றியில் பெரிய தையலைப் போட்டுவிட்டு மிட்டாய்க்கு அழுகிற பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். இவன் எலும்பை ஒடித்துவிட்டுப் பாலுக்கு அழுதிருக்கிறான்.

பால் காரியம் அதற்குப் பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. இடது மார்பில் வைத்தால் பிள்ளை வலது தோளில் சரிந்து கிடக்கிறான். ஒடிந்த எலும்பின் மேல் படுத்துக்கொண்டு யார் குடிப்பார்கள்? டீச்சர் சொல்லச் சொல்ல, நான் அவனை அம்மாவின் இடது அக்குளுக்கடியில், கால் பின்னால் போகிற மாதிரி வைத்துக் கொடுத்தேன். வலது தோள் மேலே வந்தது. பற்றினான். குடிக்கிற சத்தம் கட்டில் காலடியில் நின்ற எனக்குக் கேட்டது. கடைவாயில் பால் வழிந்தது.

அந்தப் பெண் முதல் தடவையாக மைனியின் முகத்தை நேராகப் பார்த்தாள். "கண்டியளா மைனி. வறண்ட மாராக்கும்!"

மைனி டின்னைப் பைக்குள் தள்ளினாள். "அவன் எலும்பு ஒடிஞ்சதுன்னு என்னட்ட வந்து சொன்னானா?" என்றாள். பிறகு அவளே எழுந்து, தரையில் கிடந்த இளநீரில் ஒன்றை வெளியே கொண்டுபோய் வெட்டிக்கொண்டு வந்து அந்தப் பெண்ணின் வாயில் வைத்துக் கொடுத்தாள். எனக்கும் ஒன்று கிடைத்தது. டீச்சர் வேண்டாம் என்றார். மைனி விடவில்லை.

ஜூனியர் பிள்ளைகளோடு நிற்க வேண்டி வரவில்லை. அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் டீச்சர், "ஆ ஒச்ச வார்டில் வேண்டா, கேட்டோ" என்று மட்டும் சொன்னார். சரி என்றேன். அந்தச் சரி நாலு நாள் தாங்கியது.

ஒன்றரை மாதத் தடுப்பூசிக்கு அந்தப் பொழியூர்க்காரர்கள் பிள்ளையோடு பாறசாலை ஆஸ்பத்திரிக்கு வந்தபோது நாங்கள் ஊசி போடும் இடத்தில் போஸ்டிங்கில் இருந்தோம். வரிசை வாசல்வரை நின்றது. தூரத்திலேயே மைனி என்னைக் கண்டுகொண்டாள். "எட்டீ தொண்டக்காரி!" என்று கத்தினாள். அவளுக்கும் தொண்டை மோசமில்லை.

பயல் இன்னும் கொழுத்திருந்தான். "வீட்டுல தெனமும் ஆளு வரும்" என்றாள் மைனி. "எல்லாரும் எலேன்னு விளிச்சுப் பாப்பினும், ரெண்டு கையும் மேல பொங்குதான்னு. பக்கத்து வீட்டுக்காரங்க சொந்தக்காரங்களையும் கூட்டிட்டு வருவினும். இப்பம் அவனுக்குப் பழகிப்போச்சு. நீ விளிச்சுப் பாரு."

டீச்சர் பக்கத்து மேசையில் இருந்தார். நான் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தார், அல்லது எழுதுகிற மாதிரி இருந்தார்.

"எலே" என்றேன்.

ஞெட்டவில்லை அவன். பொழியூரில் வளர்கிற பிள்ளை, என் சத்தமெல்லாம் அவனுக்கு ஒரு சத்தமா? என் முகத்தையே பார்த்தான். பிறகு பல்லில்லாத வாயைத் திறந்து சிரித்தான். அவன் அம்மாவும் சிரித்தாள். சட்டைக்கு மேலே காறை எலும்பைத் தடவிப் பார்த்தேன். ஒடிந்த இடத்தில் சின்ன மேடு, உறுதியாக இருந்தது. வலது உள்ளங்கையில் என் விரலை வைத்தேன். மூடிப் பிடித்துக்கொண்டான். பின்னால் வரிசை முணுமுணுத்தது. அடுத்த பிள்ளையைக் கூப்பிட வேண்டும்.

"விடுலே" என்றேன்.

விடவில்லை.