போ கடையில் ஒரு கண்டக்டர்

நான் வேலைக்காக வெளிநாட்டுக்கு விமானம் ஏறிய வியாழக்கிழமை மதியம், அத்தை என்னை வியட்நாம் நூடுல்ஸ் கடைக்கு அழைத்துப் போனாள். வீடு முழுக்க என் மூட்டை முடிச்சு, சமைக்கத் தோதில்லை. பரிமாறிய பெண் ஆவி பறக்கும் கிண்ணத்தை வைத்து அதன் பெயரைச் சொன்னாள். அத்தை காதில் அது "போ" என்று விழுந்தது.

"கிளம்புறவளுக்கு ஏத்த கடைதான். உக்காந்ததும் போன்னுட்டா."

சிரித்தேன். ஆனால் அவள் சூப்பில் மிதந்த துளசி மாதிரியான இலையைக் கரண்டியால் ஓரம் தள்ளிக்கொண்டே இருந்தாளே தவிர, சாப்பிடவில்லை.

அத்தை தனியாகச் சாப்பிட்டு அறியாதவள். டவுன் பஸ் கண்டக்டராக இருந்தவரை டிப்போவில் டிரைவர்களோடு; ஓய்வுபெற்ற பிறகு என்னோடு. நான் வர நேரமானால் தட்டை மூடிவைத்துக் காத்திருப்பாள். தனியாகத் தின்றால் தொண்டையிலேயே நிற்கும் என்பாள். இனி இவள் சாப்பிடுவாளா என்பதுதான் விமானத்தில் என்னோடு வந்த கவலை.

போனில் கேட்டால், "ஆச்சு" என்பாள். என்ன சாப்பிட்டாள் என்றால் பேச்சை மாற்றுவாள். கீழ்வீட்டு அக்காதான் போட்டு உடைத்தாள்: டீயும் பிஸ்கட்டுமாக ஓட்டுகிறாள், ஆள் பாதியாகிவிட்டாள்.

ஒருநாள் அத்தை மழைக்கு ஒதுங்கி அதே கடைக்குள் நுழைந்திருக்கிறாள். நாலு பேர் உட்காரும் ஒவ்வொரு மேசையிலும் ஒரே ஆள், பக்கத்து நாற்காலியில் பை. வாசலில் நனைந்தபடி ஒரு கூட்டம். காலி சீட்டையும் நிற்கிற ஆளையும் ஒருசேரப் பார்த்தால் அத்தைக்கு வாய் சும்மா இருக்காது. பஸ்ஸில் இடம் பிடிக்கச் சன்னல் வழியே போட்ட கைக்குட்டைகளை எடுத்துக் கம்பியில் தொங்கவிட்டு, "இதுக்கு டிக்கெட் எடுத்தாச்சா?" என்று கேட்டவள் அவள்.

"பையை மடியில வச்சுக்கங்க தம்பி. உள்ள நகருங்க, இன்னும் ரெண்டு பேர் உக்காரலாம்."

வாடிக்கை போய்விடுமே என்று கடைக்காரம்மா பதறி ஓடிவருவதற்குள் எல்லோரும் நகர்ந்திருந்தார்கள். குரல் அப்படி. கடைசியில் மிஞ்சிய இடத்தில் அத்தை உட்கார்ந்தாள். எதிரே இருந்த லிப்ட் மெக்கானிக் எலுமிச்சையைப் பிழிந்து தன் கண்ணிலேயே தெறிக்கவிட்டுக்கொண்டார். அதில் தொடங்கிய பேச்சில் கிண்ணம் காலியானதே தெரியவில்லையாம். இலையைக்கூட விடவில்லையாம்.

பிறகு மதியச் சாப்பாடு அங்கேதான். அவள் தலை தெரிந்தாலே பைகள் தாமாக மடியேறும் என்று கடைக்காரம்மா சொல்கிறாராம். யாராவது அவளுக்கென்று இடம் பிடித்து வைத்தால் மட்டும் திட்டு விழும். முதலில் வந்தவர் உட்கார வேண்டும், அவ்வளவுதான் சட்டம். நானும் எத்தனையோ ஊர்களில் தனியாகச் சாப்பிட்டிருக்கிறேன். ஒருவரைக்கூட நகரச் சொல்ல எனக்கு வாய் வந்ததில்லை.

மூன்றாம் வருஷம், ஏதோ ஒரு ரயில் நிலையத்தில் அடுத்த வண்டிக்குக் காத்திருந்தபோது அத்தையின் செய்தி வந்தது:

"போ கடைல ஒரே கூட்டம். சன்னலோர சீட்டுல உனக்குக் கைக்குட்டை போட்டு வச்சிருக்கேன். எல்லாரும் என்னைத் திட்டுறாங்க. சீக்கிரம் வா."