மேல்மாடியில் ஓடிய தையல் மிஷின்

ஒரு தடவை பள்ளிக்கூடச் சீருடை தைக்கும் அவசரம். தையல்கார அக்காவின் மிஷின் காலையில் ஆரம்பித்து, பொழுது சாயும்வரை நிற்கவே இல்லை. அன்றைக்குத்தான் மேல்மாடிக்காரர் தன் இணைய நிகழ்ச்சியைப் பேசிப் பதிவு செய்யவேண்டிய நாள். மிஷின் சத்தம் மைக்குக்குள் புகுந்துவிடும். கீழே வந்து, "கொஞ்சம் நிறுத்துங்கம்மா" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அக்கா நிறுத்தியிருப்பாள். அவர் கேட்கவில்லை. மறுநாள் தன் நேயர்களிடம், "நேத்து தொண்டை கட்டிக்கிச்சு, மன்னிச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டார். அவர் தொண்டைக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்று மாடிப்படியில் அவர் பாடிக்கொண்டே இறங்கியதை அக்கா தன் காதால் கேட்டாள்.

ஆனால் இதையெல்லாம் அவள் சேர்த்துப் பார்த்தது ரொம்பப் பின்னால். அதற்குள் அந்த மனிதரைப் பற்றி நினைக்கக்கூடாததையெல்லாம் நினைத்து முடித்திருந்தாள்.

மேல்மாடிக்காரருக்கு வேலை வீடியோ கேம் பற்றிப் பேசுவது. பெரிய கம்பெனிகள் செய்கிற கேம் அல்ல. எங்கோ ஓர் அறையில் தனி ஆளாகவோ, இரண்டு சிநேகிதர்கள் சேர்ந்தோ செய்கிற சின்ன கேம்கள். எது வருகிறது, எது நின்றுபோனது, எது நன்றாக இருக்கிறது, எது வீண் என்று செய்தியும் அபிப்பிராயமும் சொல்வார். உலகம் பூராவும் கேட்கிற கூட்டம் உண்டு. நிகழ்ச்சியில் எப்படியும் ஒரு தும்மல் வந்துவிடும் என்பதால் நேயர்கள் அவருக்கு 'தும்மல்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அந்தத் தும்மலுக்குக் காரணம் கீழேயிருந்து ஜன்னல் வழியாக ஏறுகிற பஞ்சுத் தூசி என்பது அக்காவுக்குத் தெரியாது.

அவளுக்குத் தெரிந்ததெல்லாம் வேறு. மிஷின் ஓடுகிறவரை மேலே பேச்சுமூச்சு இருக்காது. அவள் மிஷினை நிறுத்திவிட்டு விளக்கேற்றிக் கண்ணை மூடி உட்கார்ந்தால் போதும், மேலே பேச்சு ஆரம்பித்துவிடும்.

"நான் சாமி கும்பிடுற நேரம் பாத்து இந்த ஆளு ஏன்டா வாயைத் திறக்கிறார்?" என்று தம்பியிடம் கேட்பாள்.

"அவர் பேசுறது உன்கிட்ட இல்லக்கா, மைக்குகிட்ட."

"மைக்கு என்ன, நான் கும்பிடுறப்பதான் கேக்குமா?"

தம்பிக்கும் அதே உலகம்தான். பகலில் ஒரு மருந்துக்கடையில் கணக்குப் பார்த்துவிட்டு, மிச்ச நேரமெல்லாம் தன்னந்தனியாக ஒரு கேம் செய்துகொண்டிருந்தான். மழையில் ஒரு சின்ன ரயிலை ஊர் ஊராக ஓட்டிப்போகிற கேம். மூன்று வருஷ உழைப்பு. ரயில் சத்தத்துக்கு எங்கும் அலையவில்லை. போனை அக்காவின் மிஷின் பக்கத்தில் வைத்துப் பதிவு செய்துகொண்டான். மெல்லிய துணி தைத்தால் சமவெளியில் ஓடுகிற ரயில். முரட்டு ஜீன்ஸ் துணி தைத்தால் பாலத்தின்மேல் போகிற ரயில். அதைக் கேட்டபோது அக்காவுக்குக் கொஞ்சம் கண் கலங்கியது.

மேல்மாடிக்காரர் குடிவந்த புதிதில், அக்கம்பக்கம் என்ற முறைக்கு அவள் ஒரு பாத்திரம் நிறைய காய்கறி சூப் கொடுத்தனுப்பினாள். தம்பிதான் கொண்டுபோனான். போன வேகத்தில் திரும்பிவிட்டான், பாத்திரத்தோடு.

"வேணாமாம்."

"ஏனாம்?"

"நான் என்ன பண்றேன்னு கேட்டார். கேம் பண்றேன்னேன். உடனே மூடிய போட்டுக் கையில குடுத்துட்டார்."

அன்றைக்கு விழுந்தது முதல் முள். கொடுத்ததைத் திருப்பி அனுப்புகிற மனிதன் எப்படிப்பட்டவனாக இருப்பான்? அதற்குப் பிறகு படியில் எதிர்ப்பட்டால் அவர் தலையைக் குனிந்துகொள்வார். தம்பியைக் கண்டால் சுவரோடு ஒட்டிக்கொண்டு போவார். கடன் வாங்கினவர்கூட இப்படி ஒதுங்கமாட்டார் என்று அக்கா நினைத்தாள்.

கேம் வெளிவர இரண்டு வாரம் இருக்கும்போது தம்பி குதித்துக்கொண்டு வந்தான். தும்மலின் பெயரில் அவனுக்கு மெயில் வந்திருந்தது. 'இந்த வருஷத்தின் மிகச்சிறந்த கேம் உங்களுடையது. நிகழ்ச்சியில் பேசவேண்டும். எனக்கும் என் குழுவுக்கும் சாவிகள் அனுப்புங்கள்' என்று எழுதியிருந்தது. சாவி என்றால் இரும்புச் சாவி அல்ல. எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு வரி. அதைக் கம்ப்யூட்டரில் போட்டால் முழு கேமும் திறந்துகொள்ளும். விமர்சனம் செய்கிறவர்களுக்கு அதைச் சும்மா கொடுப்பது அந்த உலகத்தில் வழக்கம்.

"படியில பாத்தா மூஞ்ச திருப்பிக்கிறவர் மெயில்ல தேனா ஒழுகுறாரே?" என்றாள் அக்கா.

"அதெல்லாம் தொழில் மரியாதைக்கா. நேர்ல பேசினா வேண்டியவனுக்குப் பண்ணதா ஆயிடும்."

கேட்டதற்குமேல் இரண்டு சாவி சேர்த்து அனுப்பிவைத்தான்.

நிகழ்ச்சியில் அவன் கேமைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. அதற்குப் பதிலாக, இணையத்தில் ஏதோ ஒரு திருட்டுக் கடையில் அவன் அனுப்பிய சாவிகள் அடிமாட்டு விலைக்கு விற்பனைக்கு வந்திருந்தன. கேமே இன்னும் வெளிவரவில்லை. தம்பி அன்று சாப்பாட்டில் கை வைக்கவில்லை.

"மேலயே உக்காந்துக்கிட்டு கீழ இருக்கிறவன் வயித்துல அடிச்சுட்டாரே," என்றாள் அக்கா.

"அவசரப்படாதக்கா, நிச்சயமா தெரியாம பேசக்கூடாது."

நிச்சயம் மறுநாள் மத்தியானம் வந்தது. தம்பிக்கு அன்று கடை விடுமுறை. அக்கா ஊசியில் நூல் கோக்கிறாள். மிஷின் நிற்கிறது. ஆனாலும் மிஷின் சத்தம் கேட்கிறது. காலை எடுத்துப் பார்த்தாள். மிதியில் கால் இல்லை. சத்தம் மேலேயிருந்து வருகிறது. அவளுடைய மிஷின், அவளுடைய கால் தாளம், மழைச் சத்தத்தோடு.

"டேய், மேல உன் ரயில் ஓடுதுடா!"

தம்பி கூரையைப் பார்த்தபடி நின்றான். "முடிஞ்சது. சாவி இவர்கிட்டதான் இருக்கு."

உடனே உட்கார்ந்து எழுத ஆரம்பித்தான். தும்மல் என்பவர் சாவி வாங்கி விற்கிற திருடர் என்று, ஆதாரத்தோடு. கேம் செய்கிறவர்கள் எல்லாரும் கூடுகிற இடத்தில் அதைப் போடப்போகிறான். போட்டால் அந்த மனிதரின் பெயர் அன்றோடு போயிற்று. அவரிடம் பேச்சைத் தவிர வேறு சொத்து கிடையாது. அதை நம்புவதற்கு ஆள் இல்லாமல் போய்விடும்.

"நல்லா எழுது," என்று அக்காதான் முதலில் சொன்னாள்.

சொல்லிவிட்டு விளக்கேற்றி உட்கார்ந்தாள். மனசு நிற்கவில்லை. மேலே ரயில் ஓடிக்கொண்டே இருந்தது. ஓடும், நிற்கும். மறுபடி முதலிலிருந்து ஓடும், அதே இடத்தில் நிற்கும். ஆண்டவனை நினைக்க உட்கார்ந்தவள் ரயிலையே கேட்டுக்கொண்டிருந்தாள். சட்டென்று கண்ணைத் திறந்தாள்.

"டேய், முரட்டுத் துணி வரவே இல்லடா."

"என்னக்கா?"

"பாலம். பாலத்துமேல போறப்ப ஜீன்ஸ் சத்தம் வருமில்ல? இவ்வளவு நேரமா ஓட்டுறார், அந்தச் சத்தமே காணோம்."

தம்பியின் விரல் நின்றது. "பாலத்துக்கு முன்னாடி வரைக்கும் மாதிரிக்குன்னு நெட்ல சும்மா போட்டிருக்கேன். அத யார் வேணா எடுத்து ஆடலாம்."

"முழு வீட்டுக்கும் சாவி வெச்சிருக்கிறவர் ஏன்டா வாசல்லயே நிக்கிறார்?"

"நடிக்கிறாருக்கா."

"கதவ சாத்திக்கிட்டு யாருக்குடா நடிப்பு?"

தம்பிக்கு எழுதியதை அழிக்கவும் மனம் வரவில்லை. அக்கா அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியேறினாள். கதவைத் தட்டியதும் உள்ளேயிருந்து குரல் வந்தது.

"யாரு? கேம் கொண்டாந்திருந்தா அப்படியே திரும்பிப் போயிடுங்க!"

"கேம் இல்ல, சண்டை கொண்டாந்திருக்கோம். தொறங்க சார்," என்றாள் அக்கா.

கதவு பாதி திறந்தது. சுவரெல்லாம் பழைய போர்வை தொங்கியது, சத்தம் எதிரொலிக்காமல் இருப்பதற்கு. மேசையில் தம்பியின் ரயில் பாலத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தது. தம்பி போனை நீட்டினான். அவர் மெயிலைப் படித்தார். ஒரு தும்மல் போட்டார். பிறகு சிரித்தார்.

"'இந்த வருஷத்தின் மிகச்சிறந்த கேம்'. நான் எழுதினேனா? தம்பி, எங்கம்மா சமையலயே நான் இப்படிப் பாராட்டினதில்ல. ஆடி முடிக்காத கேமையா பாராட்டுவேன்?"

"உங்க பேர் போட்டிருக்கே?"

"பேர யார் வேணா போடுவான். அனுப்பின விலாசம் என்னோடதான்னு பாத்தியா?"

தம்பி பார்க்கவில்லை. பாராட்டைப் பார்த்தவன் விலாசத்தை எங்கே பார்த்தான்? சாவிக்காக இப்படி விமர்சகர் வேஷம் போடுகிற கூட்டம் இருக்கிறது என்று அவனே பத்துப் பேருக்குச் சொன்னவன். தனக்கு என்று வந்தபோது பாராட்டு கண்ணை மறைத்துவிட்டது.

"நான் யாருகிட்டயும் சாவி வாங்கறதில்ல," என்றார் அவர். "எல்லாரையும் போல கடையில வாங்கித்தான் ஆடுவேன். அதுக்கு முன்னாடி மாதிரிய ஆடிக்கிட்டே இருப்பேன், அலுக்குதா பாப்போம்னு."

"அலுத்துச்சா?" என்றான் தம்பி.

"அத இப்ப கேக்காத. கேம் வந்தப்புறம் எல்லாரோடயும் சேந்து கேளு."

அக்காவுக்கு இன்னும் முழுசாக இறங்கவில்லை. "எல்லாம் சரி சார். அப்ப சூப்ப எதுக்குத் திருப்பி அனுப்பினீங்க?"

"கேம் பண்றவன் வீட்டு சூப்ப குடிச்சிட்டு, உப்பு பத்தலன்னு எப்படிம்மா சொல்லுவேன்?"

"அதுல உப்பு சரியாத்தான் இருந்துச்சு."

"கேமுக்குச் சொன்னேம்மா!"

அக்கா அவர் முகத்தை நன்றாகப் பார்த்தாள். இத்தனை நாள் அவள் அவரைச் சந்தேகப்பட்டதைவிட அவர் அவர்களை அதிகமாகச் சந்தேகப்பட்டிருக்கிறார். யார் சிரித்தாலும், யார் தட்டு நீட்டினாலும், ஒரு நல்ல வார்த்தைக்கு வலை என்றே பார்த்துப் பழகிவிட்டார். பாவம், இப்படியும் ஒரு பிழைப்பு என்று நினைத்தாள்.

அன்று சாயங்காலமே அவர் நிகழ்ச்சியில் செய்தி சொன்னார்: என் பெயரில் ஒருவன் சாவி கேட்டுத் திரிகிறான், யாரும் கொடுக்காதீர்கள். தாங்களும் ஏமாந்ததாகப் பல ஊர்களிலிருந்து ஆட்கள் எழுதினார்கள். தம்பி தான் எழுதி வைத்ததை அழித்தான். அனுப்பிய சாவிகளையெல்லாம் செல்லாமல் ஆக்கினான்.

கேம் வெளிவந்தது. தும்மல் பேசினார். "இதைச் செய்தவர் வீட்டுக்கு மேல்தான் நான் குடியிருக்கேன், அத மனசுல வெச்சுக்கிட்டுக் கேளுங்க" என்றுதான் ஆரம்பித்தார். முதல் பாதி அலுக்கவே இல்லை, பிற்பாதியில் ரயில் வேலையில்லாமல் ஊர் சுற்றுகிறது என்றார். தம்பி இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தான். பிறகு உட்கார்ந்து பிற்பாதியைக் குறைத்தான். அப்போதுதான் அவருடைய பழைய நிகழ்ச்சிகளை அக்காவுக்குப் போட்டுக் காட்டினான். தொண்டை கட்டிய கதை அதில் இருந்தது. சீருடை நாள் அவளுக்கு ஞாபகம் வந்தது. தான் கும்பிடும் நேரத்தில் மட்டும் மேலே ஏன் பேச்சு வந்தது என்பதும் விளங்கியது.

ஆனால் நேயர்கள் விடவில்லை. கீழ்வீட்டுக்காரனுக்குப் பரிந்து பேசினார் என்றது ஒரு கூட்டம். கீழ்வீட்டுக்காரனைப் பொறாமையில் குத்தினார் என்றது இன்னொரு கூட்டம். தம்பி அடுத்த கேமை வேறு ஆரம்பித்துவிட்டான். மேலே குடியிருந்துகொண்டு அதைப் பற்றியும் பேசமுடியாது என்று மேல்மாடிக்காரர் வீட்டைக் காலி செய்தார்.

மூட்டை முடிச்சோடு அவர் இறங்கி வரும்போது அக்கா படிக்கட்டின் அடியில் சூப் கிண்ணத்தோடு நின்றாள். இப்போதும் வேண்டாம் என்பாரோ என்று உள்ளுக்குள் ஒரு சந்தேகம் இருக்கத்தான் செய்தது.

"இனிமே நீங்க மேல்வீடு இல்லண்ணே. குடிக்கலாம்."

அவர் மூட்டையைக் கீழே வைத்தார். நின்றபடியே கடைசிச் சொட்டு வரை குடித்தார். கிண்ணத்தைக் கொடுத்துவிட்டு, உள்ளே தம்பி இருக்கிறானா என்று எட்டிப் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"ரயில் நிக்கறப்ப 'நறுக்'குனு ஒரு சத்தம் வருமே, அது நீங்க நூல வெட்டுறதுதானேம்மா? அந்த கேம்லயே எனக்கு ரொம்பப் பிடிச்சது அதுதான். பேசறப்ப வேணும்னே விட்டுட்டேன், அந்த வீட்டுச் சத்தம் உனக்கு எப்படித் தெரியும்னு கேப்பாங்க. தம்பிகிட்ட சொல்லிடாதீங்க. அடுத்த கேம் பூரா கத்திரிக்கோலா வெச்சிடுவான்."