இரவல் நாக்கு

என் மனைவி வெர்லீன் எங்கள் ஊரில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். பிறந்தது வடக்கே ஒஹாயோவில். நான் அங்கே டயர் தொழிற்சாலையில் வேலை பார்த்தபோது சந்தித்து, கல்யாணம் செய்து, அலபாமாவுக்குக் கூட்டிவந்தேன். வந்த வருஷமே, எங்கள் குடும்பத்தில் யாரும் செய்யத் துணியாத இரண்டு காரியங்களை ஒரே நாளில் செய்தாள்.

நவம்பர் கடைசி வியாழக்கிழமை உறவெல்லாம் கூடும் நன்றி நாள் விருந்துக்குச் சோள ரொட்டி சுட்டுக்கொண்டு வந்தாள். அதில் சர்க்கரை போட்டிருந்தாள். எங்கள் பக்கத்தில் சோள ரொட்டியில் சர்க்கரை போடுவதும் குழம்பில் சர்க்கரை போடுவதும் ஒன்றுதான். அதையாவது அறியாத பெண் என்று மன்னித்திருப்பார்கள். அதோடு நிற்காமல், என் அக்கா மோசெல் செய்த டிரெஸ்ஸிங்கை ஒரு வாய் வைத்துவிட்டு, "நல்லா இருக்கு அண்ணி, சேஜ் இலைதான் கொஞ்சம் தூக்கல்" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டாள். இருபது பேர் கையிலும் முள்கரண்டி அப்படியே நின்றது.

டிரெஸ்ஸிங் இல்லாமல் எங்களுக்கு அந்த நாள் கிடையாது. முந்தின நாளே சுட்ட சோள ரொட்டியை உதிர்த்து, வெண்ணெயில் வதக்கிய வெங்காயமும் செலரித் தண்டும் சேர்த்து, கோழிச்சாறு ஊற்றிக் குழைத்து, மணத்துக்காகக் காய்ந்த சேஜ் இலையும் மிளகும் தூவி, முட்டை அடித்துக் கலந்து ஓவனில் வைப்போம். வான்கோழி காய்ந்து போனாலும் பொறுத்துக்கொள்வார்கள். டிரெஸ்ஸிங் சரியில்லை என்றால் அடுத்த வருஷம்வரை பேசுவார்கள். அம்மா போன பிறகு அது மோசெல் அக்காவின் கைக்கு வந்தது. வேறு யாரும் தொட்டதில்லை.

"அடுத்த வருஷத்துல இருந்து நீ ஐஸ் கட்டி கொண்டு வாம்மா" என்றாள் அக்கா. பத்தொன்பது வருஷம் வெர்லீன் ஐஸ் கட்டி மட்டும் கொண்டுபோனாள். சில வருஷம் காகிதத் தட்டும்.

போன நவம்பரில், விருந்துக்கு முந்தின நாள், பள்ளி விடுமுறை. மத்தியானம் அக்காவின் கார் எங்கள் வாசலில் வந்து நின்றது. பின் இருக்கையில் ஒரு கூடை சோள ரொட்டி, பெரிய பாத்திரம், கோழிச்சாறு நிறைந்த ஜாடி.

"என் அடுப்பு மக்கர் பண்ணுது ரூஃபஸ். உங்க வீட்ல வச்சுப் பண்ணிக்கறேன்" என்றாள் என்னிடம்.

அந்த அடுப்பை வாங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. இருந்தாலும் பாத்திரங்களை உள்ளே தூக்கிவைத்தேன். சமையலறைக் கதவின் கீலில் எண்ணெய் போடும் சாக்கில் பக்கத்திலேயே இருந்துகொண்டேன்.

அக்கா வெண்ணெயை இரும்புச் சட்டியில் போட்டுவிட்டு வெங்காயம் நறுக்கினாள். வெண்ணெய் உருகியது, சிவந்தது, கருகியது. எனக்கே மூக்கில் ஏறியது. அக்கா அடுப்புக்குப் பக்கத்தில் நின்று நிதானமாக நறுக்கிக்கொண்டிருந்தாள்.

வெர்லீன் ஓடிவந்து அடுப்பை அணைத்தாள். "அண்ணி, இப்படித் தீயுதே! உங்களுக்கு வாசனை தெரியலையா?"

அக்கா கத்தியைக் கீழே வைத்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"தெரியல. ஜூலைல காய்ச்சல் வந்துச்சுல்ல, அதுல இருந்து மூக்கும் போச்சு, நாக்கும் போச்சு. காபியும் வெந்நீரும் எனக்கு இப்ப ஒண்ணுதான்."

"நாலு மாசமாவா? யார்கிட்டயும் சொல்லலையா?"

"சொன்னா கரண்டியப் புடுங்கிடுவாங்களே! கைப்பழக்கத்துல ஓட்டிடலாம்னு பாத்தேன். போன மாசம் சர்ச் சாப்பாட்டுக்கு நான் பண்ண கீரை இருக்கே, எல்லாரும் பிரமாதம்னு சொன்னாங்க. ஆனா தண்ணி ஜாடி நாலு தடவ காலியாச்சு. அப்பதான் புரிஞ்சுது."

வெர்லீன் சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு கேட்டாள்: "சரி, எங்கிட்ட ஏன் வந்தீங்க? உங்க சொந்தத் தங்கச்சிங்க இருக்காங்களே."

"அவங்கல்லாம் நான் மண்ணக் கரைச்சு வச்சாலும் அமிர்தம்பாளுங்க. என் முகத்துக்கு நேரா சேஜ் தூக்கல்னு சொன்னவ நீ ஒருத்திதான்." அக்கா வெங்காயத் தோலை ஒதுக்கித் தள்ளினாள். "அன்னைக்கு நெஜமாவே தூக்கல்தான். எல்லாரும் போனப்புறம் மிச்சத்தத் தின்னு பாத்தேன்."

வெர்லீன் கருகிய வெண்ணெயைக் கொட்டிவிட்டுப் புதிதாக வெட்டிப் போட்டாள்.

முட்டை சேர்ப்பதற்கு முன்னால்தான் ருசி பார்க்கவேண்டும். அக்கா குழைத்ததில் ஒரு கரண்டி எடுத்து நீட்டினாள்.

"உப்பு பத்தல" என்றாள் வெர்லீன்.

"எவ்வளவு?"

"ரெண்டு சிட்டிகை. சேஜ் இன்னும் கொஞ்சம்."

"தூக்கலாயிடாதே? இல்ல, பாத்துச் சொல்லு. உங்க ஊரு நாக்குக்குப் போதுமா, எங்க ஊரு நாக்குக்குப் போதுமா?"

வெர்லீன் கண்ணை மூடிக்கொண்டாள். "உங்களோடது வாயில வச்சதும் முதல்ல மிளகு வரும். அப்புறம் வெங்காயத்தோட இனிப்பு. முழுங்குறப்பதான் சேஜ் வரும். இப்ப மிளகு வருது, வெங்காயம் வருது, கடைசில ஒண்ணுமே இல்ல."

அக்கா அவளையே பார்த்தாள். "அவ்வளவு கவனிச்சா தின்ன?"

"ஐஸ் மட்டும் கொண்டு வர்றவளுக்கு வேற என்ன வேலை அண்ணி?"

அக்கா சிரித்த சிரிப்பில் நாற்காலி பின்னால் சாய்ந்தது. நான் எண்ணெய்ப் புட்டியோடு ஓடிப்போய்ப் பிடித்தேன். "நீ இங்கயேதான் இருந்தியா? வெளில ஒரு வார்த்த போச்சு, பாத்துக்கோ!" என்று என் முதுகில் ஒன்று வைத்தாள். இரண்டு பேரும் ஆறு தடவை ருசி பார்த்தார்கள், அதாவது ஒருத்தி பார்த்தாள், இன்னொருத்தி அவள் முகத்தைப் பார்த்தாள்.

மறுநாள் அக்கா வீட்டில் இருபத்துமூன்று பேர். பிரார்த்தனை முடிந்தது. என் தம்பி கிளியோஃபஸ் வழக்கம்போல டிரெஸ்ஸிங் தட்டை முதலில் இழுத்தான்.

"யார் பண்ணது?" என்றான். பதில் தெரிந்தாலும் அதைக் கேட்காமல் அவன் வாயில் வைக்கமாட்டான்.

"நீ தின்னு" என்றாள் அக்கா.

தின்றான். இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டான். "அக்கா, சத்தியமாச் சொல்றேன், அம்மா கை வந்துருச்சு உனக்கு!"

வெர்லீன் தலையைக் குனிந்து பட்டாணியைத் தள்ளிக்கொண்டிருந்தாள். ஆனால் அவள் காதுமடல் சிவந்திருந்ததை நான் பார்த்தேன். அவளுக்கு அதுவே போதும் என்று நினைத்தேன். அக்காவுக்குப் போதவில்லை. எழுந்து நின்றாள்.

"கை என்னோடது. நாக்கு வெர்லீனோடது. உப்பும் சேஜும் அவ சொன்னபடி போட்டது."

கிளியோஃபஸ் வாயில் இருந்ததோடு, "சக்கர கிக்கர..." என்று ஆரம்பித்தான்.

"மொதல்ல முழுங்கு, அப்புறம் பேசு!" என்று அதட்டிவிட்டு, அக்கா தன் மூக்கு போன கதையை முழுக்கச் சொன்னாள். சொல்லும்போது ஒரு இடத்தில் அவள் குரல் லேசாக உடைந்தது. வெர்லீன் எழுந்து போய்ப் பக்கத்தில் நின்றாள்.

"அப்ப அந்தக் கீரை!" என்று கத்தினான் கிளியோஃபஸ். "அன்னைக்கு ராத்திரி பூரா நான் தண்ணி குடிச்சேன்! சக்கர வியாதி வந்துருச்சோன்னு டாக்டர்கிட்ட வேற போனேன்!"

அப்புறம் யாரையும் அடக்க முடியவில்லை. அக்காதான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தாள். டிரெஸ்ஸிங் தட்டு பதினைந்து நிமிஷத்தில் வழித்தெடுத்ததுபோல ஆனது.

மார்ச் மாதம் ஒரு காலையில் அக்காவிடமிருந்து போன். "வெர்லீன், வெங்காயம் உரிச்சேன்டி. நெடி அடிக்குது!" கொஞ்சம் கொஞ்சமாக மற்றதும் வந்தது. இந்த நவம்பரில் அவள் நாக்கு பழையபடி ஆகிவிட்டது. என்றாலும் இன்று, விருந்துக்கு முந்தின புதன்கிழமை மத்தியானம், கூடையும் ஜாடியுமாக எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கினாள். இப்போது சமையலறையில் இரண்டு நாக்கு. சேஜ் போதும் என்கிறாள் ஒருத்தி, போதாது என்கிறாள் இன்னொருத்தி. ஒரு மணி நேரமாக நடக்கிறது. நான் நாயைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.