பெட்ஷீட்டுக்கு வந்த தூதுக்குழு

தொண்ணூறுகளின் கடைசியில் மதுரையில் ஒரு ஜவுளி ஏற்றுமதியாளர் சங்கத்தில் கடிதம் எழுதும் வேலை பார்த்தேன். சங்கம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். கோச்சடையில் ஒரு மாடி அறை, ஒரு ஃபேக்ஸ் மெஷின், ஆங்கிலம் தெரிந்த நான். உறுப்பினர்களில் பாதிப்பேர் பெட்ஷீட் நெய்து வெளிநாட்டுக்கு அனுப்புபவர்கள். மீதிப்பேர் சமையலறைத் துண்டு. இரண்டு தரப்பும் ஒருவரையொருவர் மனதாரத் திட்டிக்கொள்ள மாதம் ஒருமுறை கூடுவார்கள். அதற்குப் பொதுக்குழு என்று பெயர்.

இவர்கள் மேல் ஒருநாள் புகார் வந்தது. மேற்கே பல நாடுகள் சேர்ந்து வைத்திருந்த ஒரு கூட்டமைப்பு, நாங்கள் அடக்க விலைக்கும் கீழே விற்று அங்குள்ள ஆலைகளைக் கெடுப்பதாகச் சொன்னது. விசாரிக்க ஒரு குழுவும் வரப்போவதாக, குற்றம் என்று பட்டால் எங்கள் சரக்குக்கு அங்கே கூடுதல் வரி போடப்போவதாகத் தெரிந்தது. எங்கள் சரக்கை அதிகம் வாங்குகிற நாட்டோடு நேரே பேசி முடித்துவிடலாம் என்று தலைவர் நினைத்தார். அவர்களுடைய டெல்லித் தூதரகத்துக்கு எழுதினேன். வெகு மரியாதையாகப் பதில் வந்தது: வாணிபத்தைப் பற்றி அவர்கள் பேசுவதில்லையாம், அவர்கள் சார்பில் கூட்டமைப்புதான் பேசுமாம்.

"சொந்தமா வாய் இல்லாத நாடாம்மா அது?" என்றார் தலைவர்.

"வாய் இருக்குண்ணே. வாடகைக்கு விட்டிருக்காக."

அப்படியானால் நாமும் ஒரே குரலில் பேசுவோம் என்று முடிவானது. தலைவர் தமிழில் பேச, நான் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். மற்றவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. எல்லோரும் மீனாட்சி மேல் சத்தியம் செய்தார்கள்.

ஓட்டல் ஹாலில் கூட்டம் நடந்தது. எதிரே குழுத் தலைவியாக ஒரு அம்மாள். அவருக்கு இரண்டு பக்கமும் வேறுவேறு நாட்டுக்காரர்கள் இரண்டு பேர். அம்மாள் பேசினால் இருவரும் தலையாட்டினார்கள், அவர் நிறுத்தினால் நிறுத்தினார்கள். எங்கள் ஒரே குரல் காப்பி வருகிறவரை தாக்குப்பிடித்தது.

திருப்பரங்குன்றத்தில் தறி போட்டிருந்த பெட்ஷீட்காரர் எழுந்தார். "இவுக ஊரே நம்ம பெட்ஷீட்லதேன் படுத்துக் கெடக்கு. தூங்கி எந்திரிச்சு வந்து நம்மளக் களவாணிங்கிறாக. கேளும்மா!"

நம் நீண்டகால உறவை உறுப்பினர் நினைவுகூர்கிறார் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அம்மாள் நன்றி தெரிவித்தார்.

உடனே துண்டுக்காரர் ஒருவர் எழுந்தார். "வெலையக் கொறச்சுக் கெடுத்ததே இந்தப் பெட்ஷீட்டுக்காரந்தேன். நாங்க ஒழுங்காத்தேன் விக்கிறோம்."

துண்டின் நிலவரம் வேறு என்று உறுப்பினர் கருதுகிறார் என்றேன். இந்த முறை அம்மாள் நன்றி சொல்லவில்லை. குனிந்து எழுதிக்கொண்டார்.

சாப்பாட்டின்போது குழுவில் இளையவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். ரசத்தைக் குடித்துவிட்டு, "எங்கள் நாட்டில் பெட்ஷீட் ஆலையே கிடையாது. வரி போட்டால் எங்கள் கடைகளில்தான் விலை ஏறும்" என்றார்.

"அதை உள்ளே சொல்லலாமே?"

"எங்கள் அமைச்சர் கூட்டமைப்புக் கூட்டத்தில் சொல்லிப் பார்ப்பார். இந்த ஹாலுக்குள் எனக்கு நாடு கிடையாது."

இன்னொரு டம்ளர் ரசம் கேட்டு வாங்கிக் குடித்தார். மதியம் முழுக்க அம்மாளுக்குத் தலையாட்டினார். முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. பிறகு எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தேன். ஆளுக்கொரு நாடாக உட்கார்ந்திருந்தார்கள். பொறாமையாகிவிட்டது.

சில மாதங்கள் கழித்து முடிவு வந்தது. பெட்ஷீட்டுக்கு வரி, துண்டுக்கு இல்லை. சங்கத்தின் பொது சோகத்தைப் பகிர்ந்துகொள்ளத் துண்டுக்காரர்கள் அல்வா வாங்கி வந்தார்கள். பெட்ஷீட்காரர்கள் அன்று சாயங்காலமே விலகித் தனிச் சங்கம் தொடங்கினார்கள். அறையிலிருந்த ஃபேன் அவர்கள் நன்கொடை என்பதால் அதையும் கழற்றிக்கொண்டு போனார்கள். அந்தக் கோடை முழுக்க நான் வேர்த்து விறுவிறுத்துக் கடிதம் எழுதினேன்.

வரியோடு பெட்ஷீட் விலைபோகவில்லை. நூலும் தறியும் சும்மா கிடக்குமா? அவர்களும் துண்டு நெய்ய ஆரம்பித்தார்கள். மதுரையைச் சுற்றி எங்கு பார்த்தாலும் துண்டு. வாங்குகிறவன் கேட்ட விலைக்குக் கொடுக்க வேண்டியதாயிற்று. அல்வா வாங்கி வந்தவர்களில் ஒருவர் ஒருநாள் மூச்சு வாங்க மாடியேறி வந்தார்.

"ஏம்மா, ஒரு லெட்டர் எழுதணும். அந்தப் பெட்ஷீட்டு வரி பெரிய அநியாயம்மா. எம்புட்டுக் குடும்பம் நாசமாப்போச்சு! ஒடனே எடுக்கச் சொல்லி எழுது."

"யார் சார்பா எழுதட்டும்ண்ணே?"

"எல்லாரு சார்பாவுந்தேன்" என்றார், கூச்சமே இல்லாமல்.

எழுதினேன். இரண்டு சங்கத் தலைவர்களும் சேர்ந்து கையெழுத்துப் போட்டார்கள். உறுப்பு நாடுகளைக் கலந்து பேசிச் சொல்வதாகக் கூட்டமைப்பிலிருந்து பதில் வந்தது. அவர்கள் கலந்து பேசிக்கொண்டிருந்தபோதே எனக்குக் கே.கே. நகரில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கில வாத்தியார் வேலை கிடைத்துப் போய்விட்டேன்.